உடைந்தது தோள், தலை அல்ல

எனக்கு வயது எழுபத்து மூன்று. நாலு பிள்ளைகளைப் பெற்றேன். செத்துப்போன தங்கையின் மகளையும் சேர்த்து ஐந்து பேரை வளர்த்தேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்தில் பிழை இருக்கும். சொல்கிற விஷயத்தில் பிழை இல்லை.

விழுந்து தோள் உடைந்து, இனி இந்தக் கை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களைப் பார்க்கிற பிள்ளைகளும் வாசிக்கட்டும். அவர்களுக்குக் கொஞ்சம் சுடும். சுடட்டும்.

முதல் அறிகுறி ஒரு சத்தம். முருங்கைக்காயை முறிக்கும்போது வருமே, அந்தச் சத்தம். ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகருக்கு வெளியே, ரைன் ஆற்றின் அணைக்கட்டுச் சரிவில், ஈரப் புல்லில் வழுக்கி வலப்பக்கமாக விழுந்தேன். நோவு உடனே வரவில்லை. முதலில் கமராவைத்தான் தேடினேன். அது புல்லில் சுகமாகக் கிடந்தது. முக்காலி என் மேல் கிடந்தது.

இந்த முக்காலியைப் பற்றிச் சொல்லாமல் என் வருத்தத்தைப் பற்றிச் சொல்ல ஏலாது.

மூத்த பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கென்று என் இளைய மகன் சுதாகரன் ஒரு நல்ல கமரா வாங்கினான். பிறகு சடங்குக்குப் படக்காரரையும் பிடித்தார்கள். கமரா அலுமாரிக்குள் கிடந்தது. நான் எடுத்தேன். வீட்டு ஆட்களைப் படம் எடுக்க எனக்கு விருப்பம் வரவில்லை. கமராவைக் கண்டதும் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். ஆற்றங்கரை மரங்கள் அப்படி நிற்பதில்லை.

கீழ்வீட்டு ஹில்டா என் வயதுக்காரி. கணவர் இல்லாதவள். அவளும் படம் எடுக்கிறவள். வெளிச்சத்தை எப்படி அளப்பது, மூச்சை எப்போது அடக்குவது என்று அவள்தான் காட்டித்தந்தாள். விடியற்காலை மூடுபனியில் கமரா ஆடாமல் நிற்க வேண்டும். கையால் பிடித்தால் மரமெல்லாம் கரைந்துபோகும். அதனால் தன் கணவர் வைத்திருந்த முக்காலியை எனக்குத் தந்தாள். பழைய காலத்துத் தடித்த உலோகம். தூக்கினால் ஒரு பிள்ளையைத் தூக்கின மாதிரி. வருடக்கணக்காக அதைத் தோளில் வைத்துக்கொண்டு அணைக்கட்டில் ஏறி இறங்கினேன். அப்போது ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த அன்றைக்கு எல்லோரும் வந்தார்கள்.

அன்று கூட வந்திருந்த ஹில்டா அம்புலன்ஸை அழைத்தாள். ஆஸ்பத்திரி நடையில் சக்கரக் கட்டிலில் என்னைக் கிடத்தி, வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். சுதாகரன் தான் வேலை செய்கிற ரெஸ்ரோறன்ற் குசினியிலிருந்து எண்ணெய் மணத்தோடு ஓடி வந்தான். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறான். வெங்காயம், கோழி, வாடகை, விசா, இவ்வளவுக்கும் அவனுக்கு நல்ல ஜெர்மன் தெரியும். எலும்புக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

டொக்டர் ஒரு பெண். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவனிடம் கெதியாகச் சொன்னார். அதில் 'கொப்ஃப்' என்ற சொல் எனக்கும் கேட்டது. கொப்ஃப் என்றால் தலை. உடைந்துவிட்டது என்ற சொல்லும் கேட்டது. சுதாகரனின் முகம் வெளிறிவிட்டது.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை அம்மா. நீங்கள் படுங்கோ."

அவன் சுவரோரம் போய், டொரொன்ரோவில் இருக்கிற என் மூத்தவனுக்குத் தொலைபேசி எடுத்தான். தூரம் அதிகமில்லை. என் காதும் உடைந்திருக்கவில்லை.

"அண்ணை, அம்மாவுக்குத் தலை உடைஞ்சு போச்சாம். ஓம், டொக்டர்தான் சொன்னவா. இல்லை, கதைக்கிறா. இப்ப கதைக்கிறா. இனி என்னெண்டு தெரியேல்லை."

"டேய், என்ர தலை என்னட்டைத்தான் இருக்கு!" என்று கட்டிலில் இருந்து கத்தினேன்.

அவன் தொலைபேசிக்குள், "கேக்குதோ அண்ணை? ஒரு சம்பந்தமுமில்லாமல் கத்துறா" என்றான்.

பிறகு டொக்டரிடம் போய், அம்மாவுக்குத் தலை நோகிறது, மாறிக் கதைக்கிறார் என்று சொல்லியிருக்கிறான். அந்த மனுசி என்ன செய்வார்? என் தலையையும் ஒரு குழாய்க்குள் விட்டு ஸ்கேன் (தலைக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கிற படம்) எடுத்தார்கள். கை நோவில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்ததும் சுதாகரன் சந்தோசமாக ஓடி வந்தான்.

"அம்மா, தலைக்குள்ள ஒண்டுமில்லையாம்!"

"உனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்த தலையடா இது," என்றேன்.

அடுத்து அவன் டொக்டரிடம், உடைந்த தலை பொருந்த எவ்வளவு காலம் செல்லும் என்று கேட்டான். டொக்டர் அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு என்னோடு நேரே கதைத்த முதல் ஆள் அவர்தான். இடது கையைப் பொத்தி, வலது உள்ளங்கையைக் கிண்ணம் போலக் குவித்து, பொத்திய கையை அதற்குள் வைத்து உருட்டிக் காட்டினார். எக்ஸ்ரே படத்தில் கையெலும்பின் மேல்நுனியைத் தொட்டு, "கொப்ஃப்" என்றார். பேனாவால் சுதாகரனின் நெற்றியைத் தொடுகிற மாதிரிக் காட்டி, "இதுவும் கொப்ஃப்" என்றார்.

உடைந்தது ஓபராம்கொப்ஃப் (மேற்கையெலும்பின் உருண்டையான மேல்நுனி, தோள் குழிக்குள் உருள்வது). எனக்கு உடனே விளங்கியது. அவனுக்குக் கொஞ்சம் பிந்தி விளங்கியது.

இந்த நாட்டுக்காரருக்கு எதை எடுத்தாலும் தலைதான். சமைக்கிற கோவாவுக்குத் தலை, சலாட்டு இலைக்குத் தலை, குளிக்கிற தண்ணீர் கொட்டுகிற பூவுக்கும் தலை. நான் படம் எடுக்கிற ஆற்றங்கரை வில்லோ மரத்துக்கே தலை மரம் என்றுதான் பெயர். மாரிகாலத்தில் கொப்புகளை ஒட்ட வெட்டிவிடுவார்கள். மரம் மொட்டைத் தலையோடு நிற்கும். அதற்காக ஒருவரும் கனடாவுக்குப் போன் எடுப்பதில்லை.

பிழையைத் திருத்தச் சொன்னேன். சுதாகரன் திருத்தினான். ஆனால் போன செய்தி போனதுதான். லண்டனுக்குப் போயிருந்தது, ஊருக்குப் போயிருந்தது. கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனையும் நடந்துவிட்டது. பார்க்க வந்த பெண்கள் தலைக்குக் குளிர்ச்சியான எண்ணெய் கொண்டு வந்தார்கள். போத்தல் போத்தலாக எண்ணெய். தோளுக்குப் பூச ஒரு தைலம் கொண்டு வர ஒருத்திக்கும் தோன்றவில்லை.

லண்டனில் இருந்து என் மச்சாள் கதைத்தா. "என்னைத் தெரியுதோ? நான் ஆர், சொல்லுங்கோ பாப்பம்."

"தெரியும். என்ர ஆட்டுக்கல்லை உடைச்சவ."

"ஐயோ, பழசெல்லாம் கதைக்கிறா," என்று அந்தப் பக்கம் அழத் தொடங்கினா.

நான் சிரித்தேன் என்று நினைக்காதீர்கள். சிரித்தாலும் தோள் நொந்தது.

எனக்கு ஒப்பரேசன் செய்யவில்லை. உடைந்த துண்டுகள் இடம் மாறவில்லை, கட்டி வைத்தால் தானாகப் பொருந்தும் என்றார் டொக்டர். கட்டி வைத்த காலத்தில் கதிரையில் இருந்தபடிதான் நித்திரை. படுத்தால் எலும்புக்குள் யாரோ திருகாணி முறுக்குகிற மாதிரி இருக்கும். மருமகள்தான் சீப்பால் தலை இழுத்துவிட்டாள், உடுப்பு மாற்றிவிட்டாள். நல்ல பிள்ளை. ஆனால் என் கையைத் தூக்கும்போது, கறிச்சட்டியைத் தூக்குகிற மாதிரி, என்னைக் கேளாமல் தூக்குவாள்.

இரத்தமும் எலும்பும் சோதித்து, ஒஸ்ரியோபொறோஸ் (எலும்பு உள்ளுக்குள் அரிதட்டு மாதிரிப் பொள்ளலாகிற வருத்தம்) இருப்பதாகச் சொன்னார்கள். சுண்ணாம்புச் சத்துக் குளிசை, கிழமைக்கு ஒரு பெரிய குளிசை. அதை வெறும் வயிற்றில் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது, நெஞ்செரியும். உங்களுக்கும் தந்தால் இதை மறக்க வேண்டாம்.

கட்டை அவிழ்த்த அன்று என் கையைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. வாடிய கீரைத்தண்டு மாதிரித் தொங்கியது. தூக்கு என்று மனம் சொல்கிறது. கை கேட்காத பிள்ளை போலச் சும்மா இருக்கிறது. அசையாமல் கட்டி வைத்ததால் மூட்டைச் சுற்றிய உறை சுருங்கிவிட்டது என்றார்கள். பயிற்சி செய்தால் விரியும், ஆனால் பழையபடி முழுதாக வராது. "இந்தக் கைக்கு இரண்டு கிலோ. அதற்கு மேல் வேண்டாம்," என்றார் டொக்டர்.

பயிற்சிக்கு என்னை றேகாவில் (உடைந்த உறுப்பைத் திரும்பப் பழக்குகிற ஆஸ்பத்திரி) விட்டார்கள். முதல் நாள் பயிற்சி தருகிற பெண், இந்தக் கையால் எதைச் செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள். பதில் சொன்னது சுதாகரன்.

"சமைக்க வேணும், தலை இழுக்க வேணும், சாமி கும்பிட வேணும்."

அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். நான் இடது கையால் மேசையில் தட்டினேன். மூன்று விரலை விரித்து மேசையில் ஊன்றி, "ஸ்டாட்டிவ்" என்றேன். முக்காலிக்கு ஜெர்மனில் அதுதான் சொல்.

சுதாகரன் என் காதுக்குள், "அம்மா, விசர்க் கதை கதையாதேங்கோ. அவ எழுதுறா," என்றான்.

"எழுதத்தானே வேணும். சாமியை ஒரு கையாலயும் கும்பிடலாம். அவர் கோவிக்கமாட்டார்."

அந்தப் பெண் எழுதியதை வெட்டிவிட்டு, எவ்வளவு பாரம், எவ்வளவு உயரம், எந்தக் கையால் திருகுவீர்கள் என்று கேட்டாள். பிறகு தரை கூட்டுகிற தும்புத்தடியின் பிடியில் மணல் பை கட்டித் தூக்கப் பழக்கினாள். போத்தல் மூடி திருகப் பழக்கினாள். குனிந்து நின்று கையைத் தளர விட்டு மணி நாக்கு மாதிரி ஆட்டுகிற பயிற்சியைச் சொல்லித்தந்தாள். அதை விடாமல் செய்யுங்கள். நோகும். நொந்தாலும் செய்யுங்கள்; கை உங்களுடையது.

கை தோள் மட்டத்துக்கு உயர்ந்தது. அதோடு வீட்டுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னால் முக்காலி நிற்கிற மூலை வெறுமையாக இருந்தது.

"எங்கையடா முக்காலி?"

"அம்மா, முதல்ல இருங்கோ. தேத்தண்ணியைக் குடியுங்கோ."

"எங்கை?"

"ஸ்பேர்முல் வந்தது. அதோட வைச்சிட்டன்."

ஸ்பேர்முல் என்பது, வேண்டாத கட்டில், உடைந்த கதிரை எல்லாவற்றையும் வீதியோரம் வைக்கிற நாள். நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

"ஆரைக் கேட்டு வைச்சனி?"

"ஆரைக் கேக்கிறது? உங்களுக்கு இனி ஏலாதுதானே."

நான் உயிரோடு இருக்கும்போதே என் பொருளைப் பங்கு வைத்த மாதிரி இருந்தது. என் மகனை நான் அடித்து வளர்க்கவில்லை. அன்றைக்கு அடித்திருப்பேன், தூக்கக்கூடிய கை இருக்கவில்லை.

"நான் செத்திட்டனோ?" என்று மட்டும் கேட்டேன்.

"சாகக் கூடாதெண்டுதானே தூக்கி எறிஞ்சனான்!" என்று அவனும் கத்தினான். "அண்டைக்கு ஹில்டா போன் எடுக்கேக்க நான் கோழி பொரிச்சுக்கொண்டு நிண்டனான். அம்மா ஆத்தங்கரையில விழுந்து கிடக்கிறா எண்டு சொன்னா. அடுப்பை நூத்தனோ இல்லையோ எண்டுகூட எனக்கு ஞாபகம் இல்லை."

அவன் பயந்திருக்கிறான். அது எனக்கும் தெரிகிறது. ஆனால் அவன் பயத்துக்கு என் பொருளையா எறிவது? அதுவும் அது என்னுடையதுகூட இல்லை. இறந்துபோன ஒருவருடைய பொருள். அவருடைய மனைவி என்னை நம்பித் தந்தது. அவளுடைய யன்னல் வீதியைப் பார்த்தபடி இருக்கிறது.

கீழே போனேன். கதவைத் திறந்த ஹில்டா என் முகத்தைப் பார்த்ததும், "கண்டேன்," என்றாள். "உனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். லொறி வர முதலே யாரோ காரில் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்."

அவள் கோப்பி ஊற்றித் தந்தாள்.

"அது என் மனுசனுக்கும் பாரம்தான்," என்றாள். "அவர் கடைசிவரை சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. நீயாவது லேசானதாக ஒன்று வாங்கு."

அவள் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காக அவளோடும் எனக்குக் கோபம்.

நகரத்துக் கமராக் கடைக்கு இருவரும் தண்டவாளத்தில் ஓடுகிற றாமில் போனோம். விற்க நின்றவன் இளம் ஆள். ஹில்டாவைப் பார்த்து, "வணக்கம், நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?" என்றான். முக்காலி எனக்கு என்று அவள் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "பேரனுக்கா வாங்குகிறாய்?" என்றான்.

ஜெர்மன் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த மொழியிலும் 'நீ' இருக்கிறது, 'நீங்கள்' இருக்கிறது. தெரியாத பெரிய ஆட்களை 'நீ' என்று கேட்பதில்லை. தோல் நிறத்தைக் கண்டால் சிலருக்கு அது மறந்துபோகிறது.

"எனக்குத்தான்," என்றேன். "நீ அந்த மேல்தட்டில் இருக்கிறதை எடு."

ஹில்டா இருமினாள். பையனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. பிறகு கடையை விட்டு வெளியேறும்வரை 'நீங்கள்'தான்.

என் கைப்பையில் இருந்து ஒரு கிலோ கோதுமை மாப் பைக்கற்றுகள் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தேன்.

"கேக் செய்யப் போகிறீர்களா?"

"டொக்டர் தந்த அளவு. முக்காலியும் அதில் கமரா பூட்டுகிற பகுதியும் சேர்ந்து இதைவிடப் பாரமாக இருந்தால் எனக்குக் காட்டவே வேண்டாம்."

ஒரு கையில் மா, மறு கையில் முக்காலி. கை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தேன். முதலில் அவன் சிரித்தான். பிறகு தானே மாவைத் தூக்கிப் பார்த்து, எடுத்து வைத்ததில் பாதியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டான்.

லேசானது என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது. முதலில் காட்டியது இறகு மாதிரி இருந்தது. காலை விரித்து, உச்சியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். நடுங்கத் தொடங்கியது நிற்கவே இல்லை. ஆற்றங்கரைக் காற்றுக்கு அது ஆகாது. அதற்கு நாலு துண்டாக நீளுகிற கால் வேறு. துண்டு கூடக் கூடப் பூட்டும் கூடும். ஒவ்வொரு பூட்டும் என் பெருவிரலுக்கு ஒரு வேலை. நெம்பித் திறக்கிற பூட்டு என் கைக்கு முடியவில்லை. திருகுகிற பூட்டு முடிந்தது. போத்தல் மூடி திருகிப் பழகிய கை. ஆகவே மூன்று துண்டுக் கால், திருகு பூட்டு.

கார்பன் என்று ஒரு பொருள். கரி நூலை நெய்து செய்த குழாய் என்றான். தட்டினால் நடுக்கம் உடனே நின்றது. பனிக்குளிரில் உலோகம் விரலைக் கடிக்கும், இது கடிக்காது. ஆனால் அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இது உங்களுக்குச் சரிவராது. உயரம் காணாது. கண்ணுக்கு வராது."

"ஆருடைய கண்ணுக்கு?"

அவன் என்னைவிட ஒன்றரை மடங்கு உயரம். மேசையைச் சுற்றி வந்து முக்காலியை என் பக்கத்தில் வைத்தான். என் புருவத்துக்கு வந்தது. நடுத்தண்டை உயர்த்தத் தேவையே இல்லை. உயர்த்தினால்தான் ஆட்டம் கூடும். வாழ்நாள் முழுக்கக் கட்டை, கட்டை என்று என்னைப் பகிடி பண்ணினார்கள். கட்டையாக இருப்பதில் ஒரு கிலோ மிச்சம்.

பிறகு தலை. கமராவைத் தாங்குகிற பகுதியை அவர்கள் தலை என்கிறார்கள். கடைக்காரன் இதைச் சொன்னதும் ஹில்டா சிரிப்பை அடக்க, என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தாள். பழைய முக்காலியின் தலையில் மூன்று நீட்டுப் பிடிகள் இருந்தன. அவற்றைத் திருக வலது கையை உயர்த்த வேண்டும். அது இனி இல்லை. இவன் காட்டியது ஒரு கிண்ணத்துக்குள் ஓர் உருண்டை. ஒரு திருகைத் தளர்த்தினால் உருண்டை எந்தப் பக்கமும் உருளும். இறுக்கினால் அப்படியே நிற்கும். கூகல்கொப்ஃப் என்று பெயர். கூகல் என்றால் உருண்டை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கையைப் பொத்திக் காட்டியது இதுதான். எனக்குள் உடைந்து கிடப்பதை இவர்கள் உலோகத்தில் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்! தடவிப் பார்த்தேன். எனக்குத் தந்ததைவிட வடிவாகப் பூட்டியிருந்தது.

என் கமராவைப் பூட்டித் திருகைத் தளர்த்தினேன். கமரா மூக்குக் குப்புற விழுந்தது. ஹில்டா பாய்ந்து பிடித்தாள்.

"மற்றக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும்," என்றான் கடைக்காரன்.

"மற்றக் கை உயராது என்றுதானே உன்னிடம் வந்திருக்கிறேன்!"

கோபத்தில் திரும்பவும் 'நீ' வந்துவிட்டது. அவன் பொறுத்துக்கொண்டான். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டு வந்தான். அதில் பெரிய திருகுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. அதைக் கமராவின் பாரத்துக்கு ஏற்ற மாதிரி ஒருமுறை இறுக்கி வைத்துவிட்டால், பெரிய திருகைத் தளர்த்தினாலும் கமரா விழாது; தள்ளினால் மட்டும் அசையும். திருகு இடப்பக்கம் வருகிற மாதிரித் திருப்பி வைக்கலாம். தோடம்பழ அளவு பெரிய உருண்டையையும் காட்டினான். நான் சின்னதாகத் தேசிக்காய் அளவை எடுத்தேன். என் கமராவுக்கு அது போதும். முக்காலியையும் தலையையும் சேர்த்துத் தூக்கினேன். மாவைவிட லேசு. விலையை எழுதமாட்டேன், வாசிக்கிற பிள்ளைகள் அதற்கும் என் தலையைத்தான் குற்றம் சொல்வார்கள்.

கடை வாசலில் நிற்கும்போது சுதாகரன் தொலைபேசியில் வந்தான்.

"அம்மா, எங்க நிக்கிறியள்? என்ன செய்யிறியள்?"

"கூகல்கொப்ஃப் வாங்கினனான்."

போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களுக்குக் கூகல் என்றால் முதலில் ஞாபகம் வருவது துவக்குக் குண்டு. இந்த மொழியில் அதற்கும் அதுதான் சொல். குண்டுத் தலை.

"அம்மா, அங்கேயே நில்லுங்கோ. அசையாதேங்கோ. நான் வாறன்."

வந்தான். பார்த்தான். ஏசினான். கடைசியில், "போறதெண்டால் நானும் வருவன். தனிய விடமாட்டன்," என்றான்.

"வா. ஆனால் ஒண்டையும் தொடாதை."

அவனுக்கு வேலையில்லாத திங்கட்கிழமை போனோம். உறைபனி. புல் கறுமுறுவென்று சத்தம் போட்டது. அணைக்கட்டுக்கு முன்னால் அவன் என் கமராப் பையில் கை வைத்தான். நான் நின்றேன். கையை எடுத்தான். முக்காலி இடது தோளில், நான் முன்னுக்கு. சரிவில் இறங்கவில்லை, சுற்றிப் போகிற பாதையால் போனேன். வீரம் காட்டப் போனவள் இல்லை நான்.

மூடுபனி ஆற்றின் மேல் படுத்திருந்தது. வில்லோ மரங்கள் அதற்கு மேலே தலையை மட்டும் காட்டிக்கொண்டு நின்றன. ஒரு காலைத் திருகி இழுத்துப் பூட்டினேன். அடுத்த கால். கை களைத்ததும் நின்று, அதைத் தொங்கவிட்டு ஆட்டி, திரும்பவும் திருகினேன். சுதாகரன் சட்டைப் பைக்குள் கையைப் போட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு ஆற்றை.

"அம்மா, வெளிச்சம் வந்திட்டுது. பனி போகுது."

"போகட்டும்."

போய்விட்டது. நான் கமராவைப் பூட்டி நிமிர்ந்தபோது, நான் தேடி வந்த படம் அங்கே இல்லை. வெறும் காலை, வெறும் மரம். எனக்கு ஆத்திரம் வந்தது. மகன் மேல், கையின் மேல், சூரியன் மேல்கூட. ஆனாலும் சின்னத் திருகைச் சரிபார்த்து, பெரிய திருகை இடது கையால் தளர்த்தினேன். கமரா விழவில்லை. மெல்லத் தள்ளினேன், நான் சொன்ன இடத்தில் நின்றது. எடுத்தேன். பிறகு பெரிதாக்கிப் பார்த்த படத்தில் மரப்பட்டையின் வெடிப்புக்கூடத் தெரிந்தது. நல்ல படம் இல்லை. ஆடாத படம்.

மடக்கும்போது ஒரு பூட்டில் பனி இறுகித் திருக வரவில்லை. இரண்டு தரம் வழுக்கியது. சுதாகரனின் கை சட்டைப் பையை விட்டு வெளியே வந்தது. நான் பார்த்தேன். உள்ளே போனது. மூன்றாம் தரமும் வழுக்கியது.

"அம்மா," என்றான். "நான் பிடிக்கட்டோ?"

விழுந்த நாளிலிருந்து என்னைத் தூக்கினார்கள், துடைத்தார்கள், எனக்காகக் கதைத்தார்கள், என் பொருளை எறிந்தார்கள். இந்தக் கேள்வியை வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"கீழ்க்காலைப் பிடி. மேல தொடாதை."

அவன் குந்தியிருந்து இரண்டு கையாலும் பிடித்தான். நான் திருகினேன். வந்தது.

இப்போது நான் மூடுபனிக்கு முன்னால் போய் நிற்கிறேன். நான் ஆயத்தமாக எடுக்கிற நேரம் முழுக்கப் பனி எனக்காகக் காத்திருக்காது என்று தெரிந்துவிட்டது. ஆகவே இருட்டாக இருக்கும்போதே வெளிக்கிடுகிறேன், ஒவ்வொரு காலாகத் திருகுகிறேன், வெளிச்சம் பிறகு வருகிறது. என் வலது கை வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி. கேட்டுத்தான் ஒரு வேலை செய்விக்கலாம். சில நாள் மாட்டேன் என்கிறது. அன்றைக்குக் கமராவைத் திறக்காமல் மரங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கும் ஒரு காலை போகிறது. போகட்டும், என் காலைதானே.

உங்களுக்காக யாராவது பதில் சொன்னால் மேசையில் தட்டுங்கள். தட்டுவதற்கு ஒரு கை போதும்.

ஆரணி, இஞ்ச வா பிள்ளை, அப்பம்மா எழுதி முடிச்சிட்டன். உன்ர தமிழ்ப் பள்ளிக்கூடத்தில வாசிக்கிற மாதிரி இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. ஆறுதலாய், எழுத்துக் கூட்டி வாசி, அவசரமில்லை. அப்பா பக்கத்து அறையில இருக்கிறார் எண்டு நான் கோவப்பட்ட இடங்களில குரலைக் குறைக்காதை.